எட்டாம் நம்பர் சப்பாத்து

தவநாயகிக்கு எதையும் ஒளித்துப் பழக்கமில்லை. யாரோடு கோபம், யாரோடு சமாதானம், போன வருடம் பொங்கல் அடிப்பிடித்தது யாருடைய பிழை என்று கேட்டால்கூட உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். ஒன்றே ஒன்றைத்தான் பதினைந்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவளுடைய சப்பாத்தின் அளவு எட்டு.

எட்டு என்பது கொலைக்குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். லண்டன் டூட்டிங்கில் இருக்கிற எங்கள் பெண்கள் நாலும் ஐந்தும் போட்டுக்கொண்டு நடக்கிறபோது எட்டுப் போட்டு நடந்து பார்த்தால்தான் அதன் வருத்தம் தெரியும். கலியாணம் பேசி வந்த காலத்திலேயே அவளுடைய பெரியம்மா ஒருத்தி, "கால் பெருத்தவள் புருஷனை மிதிப்பாள்" என்று ஒரு சொல்லைப் போட்டுவைத்தாள். பெண் பார்க்க வந்த அன்று தாய் சேலையை நிலத்தில் இழுபட உடுத்திவிட்டு, பெருவிரல்கூட வெளியே தெரியக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு மறைத்தது மறைத்ததுதான். யார் கேட்டாலும் ஐந்து என்பாள். புதுச் சப்பாத்து வாங்கினால் அடியில் ஒட்டியிருக்கிற நம்பரை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் கழற்றிய சப்பாத்தைக் கடைசித் தட்டில், சுவரைப் பார்க்க வைப்பாள்.

இதிலே பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால் அவளுடைய கணவன் பாலேந்திராவுக்கு ஏழு.

பாலேந்திராவோ எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். எண்பத்துநாலில் லண்டனுக்கு வந்து, இரண்டு வருடம் கழித்து அவளை எடுப்பித்து, பிறகு தம்பியை, தங்கச்சியை, தங்கச்சியின் மாப்பிள்ளையை என்று ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார். பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை, லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. 'பரவாயில்லை' என்ற சொல்லை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டால் மனிதர் ஊமையாகிவிடுவார் என்று தவநாயகி சொல்வாள்.

தொண்ணூற்றுநாலில் இரண்டு பேருக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு வந்தது. இனி எங்கும் போகலாம். மதுரைக்கும் சிதம்பரத்துக்கும் போகலாம் என்று அவள் மனதுக்குள் வழி போட்டுக்கொண்டிருந்தபோது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலேந்திரா தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்டு கேக்கட்டே? எனக்குக் கென்யா மலையைப் பாக்கவேணும்."

தவநாயகிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் விளங்கப்படுத்தினார். எட்டாம் வகுப்புப் பூமிசாத்திரச் சோதனையில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனி உறைந்த மலை எதுவும் கிடையாது என்று அவர் எழுதியிருக்கிறார். வாத்தியார் கூப்பிட்டு, "அப்ப கென்யா மலையை உன்ர கொப்பரே தூக்கிக்கொண்டு போனவர்?" என்று கேட்டு, இரண்டு உள்ளங்கையிலும் பிரம்பால் வாங்குவாங்கென்று வாங்கிவிட்டார். அதை அவர் மறந்துபோயிருந்தார். இப்போது பெற்றோல் ஸ்ரேசனில் அவரோடு வேலை செய்கிற முரீதி என்ற கென்யப் பெடியன் ஒரு கலண்டரைக் கொண்டுவந்து கல்லாவுக்கு மேலே கொழுவிவிட்டான். கீழே வாழை, மேலே பனி. அவனுடைய ஊரான நன்யூகியில் ரேகை போகிற இடத்தில் பலகை நட்டிருக்கிறார்களாம். வீட்டு முற்றத்தில் நின்று நிமிர்ந்தால் பனி தெரியுமாம். அவனுடைய அண்ணன் அந்த மலைப் பூங்காவில் வழிகாட்டியாம்.

"அடி வாங்கின மலையை ஒருக்காக் கிட்டப் போய்ப் பாத்திட்டு வருவம். பனியைத் தொட்டுப் பாக்கவேணும். உமக்கு விருப்பமில்லையெண்டா, பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'தான் தவநாயகியின் நெஞ்சைப் பிடித்தது. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் தனக்கென்று போட ஒரு சேட்டுக்கூட விரும்பிக் கேட்டதில்லை. இப்போது வாய் திறந்து கேட்டது ஒரு மலை. அதைக் கொடுக்காவிட்டால் நான் என்ன மனிசி என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்மேல் ஆசையாகவும் இருந்தது. மதுரை எங்கும் ஓடிப்போகாது.

"போவம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பாலேந்திரா டூட்டிங் புறோட்வேப் பக்கம் ஒரு கடையில் இரண்டு சோடி மலைச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். கணுக்கால்வரை உயர்ந்த, கனத்த சாமான்.

"உமக்கு அஞ்சுதானே?"

"ஓம், அஞ்சு."

திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்ததும் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். தடித்த சொக்ஸ் போடவேண்டும், கால் வீங்குகிற வியாதி, அது இது என்று வழி நெடுகக் கதை கட்டிக்கொண்டு போனாள். ஒன்றும் தேவைப்படவில்லை. கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெட்டை அவளைக் கண்டதும் சிரித்தாள். ஐந்தை வாங்கி வைத்துவிட்டு, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். எட்டு. கன கச்சிதம். பிள்ளையாரப்பா, உன்னுடைய வேலைதான் என்று தவநாயகி அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியில் இருந்த நம்பரைக் கிழிக்க முடிந்தது. சப்பாத்தின் அடியில் இருந்ததை முடியவில்லை. அது ஒட்டியதல்ல, றப்பரிலேயே வார்த்தது. நகமும் கத்தியும் தோற்றுப்போக, சப்பாத்தைப் பழைய சேலையில் சுற்றித் தன்னுடைய சூட்கேசின் அடியில் வைத்தாள். அங்கே போய் அவர் எழும்ப முதல் போட்டுக்கொண்டால் போயிற்று. நடக்கிறவளின் அடிப்பாதத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிளேன் ரிக்கற் வந்தது. வியாழக்கிழமை. தவநாயகி பஞ்சாங்கத்தைத் திறந்தாள். வியாழன் தெற்கே சூலம். கென்யா எங்கே இருக்கிறது? தெற்கே.

"பிளேனுக்குச் சூலம் தெரியுமே?" என்றார் பாலேந்திரா.

"பிளேனுக்குத் தெரியாது. அதில ஏறுற எங்களுக்குத் தெரியும்தானே" என்றாள் தவநாயகி.

சூலத்துக்கு வழியும் உண்டு. போகிற நாள் சரியில்லாவிட்டால், நல்ல நாளில் நல்ல நேரத்தில் பயணக்காரரின் பெட்டி ஒன்றை வீட்டைவிட்டு வெளிக்கிடுத்தி, போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் சூலம் குத்தாது. டூட்டிங்குக்குத் தெற்கே குரோய்டன். அங்கே அவளுடைய அண்ணன் இராஜேந்திரன் வீடு. அந்த வீட்டில் பெட்டி வைத்துப் போனவர்கள் எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள் என்று ஒரு பெயர் பரவிவிட்டதால், திசை சரியோ பிழையோ ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். இராஜேந்திரனின் முன் விறாந்தை எந்த நேரமும் ரயில் ஸ்ரேசன் மாதிரித்தான் இருக்கும்.

புதன்கிழமை நல்ல நேரத்தில் இராஜேந்திரன் வந்து, அவர்கள் திரும்பும்வரை தன்னுடைய வீட்டில் நிற்கப்போகிற பிள்ளைகள் இரண்டு பேரையும், ஒரு நீலப் பையையும் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பைக்குள் என்ன வைப்பது என்று தவநாயகி தீர யோசித்திருந்தாள். பயணம் போவது எது? கால். ஆகவே பாலேந்திராவின் மலைச் சப்பாத்தை வைத்தாள். மேலே அவருடைய குளிர்ச்சட்டையையும் கையுறையையும் அடுக்கி, அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டாள். வியாழக்கிழமை அண்ணன் பையோடு காரில் வந்து, அவர்களை ஏற்றி, ஹீத்ரோவில் கொண்டுபோய் இறக்கினார். இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா என்று விமானக் கம்பனிப் பெண் கேட்டாள். நானேதான் என்று தவநாயகி பெருமையோடு சொன்னாள்.

நீலப் பை டூட்டிங் சந்தையில் மலிவாக விற்றது. ஆகவே எல்லோரிடமும் இருந்தது. அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் சிவப்புத் துணிதான் கட்டினார்கள்.

நன்யூகியில் ஒரு சின்ன விடுதியில் வந்து இறங்கிப் பாலேந்திரா பையைத் திறந்தபோது, மேலே இரண்டு குட்டி மேற்சட்டைகள் இருந்தன. கம்பளி நூலில் பின்னியவை. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. அதற்குக் கீழே சரக்குத்தூள் போத்தல், நல்லெண்ணெய், வசம்பு, துவைத்துத் துவைத்து மெத்தென்று போன வெள்ளைத் துணி. பிள்ளைப்பேற்றுச் சாமான் அத்தனையும்.

"சிவமலரக்கா" என்றாள் தவநாயகி.

சிவமலரக்கா மெல்பேணில் இருக்கிற மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வெள்ளிக்கிழமை பயணம். வெள்ளி அவருக்குச் சந்திராட்டமம். ஆகவே அவரும் புதன்கிழமையே பெட்டி வைத்திருந்தார். அதே குரோய்டன், அதே விறாந்தை.

பாலேந்திரா அந்த மஞ்சள் மேற்சட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்து வைத்தார். ஒரு சொல் திட்டியிருந்தால் தவநாயகிக்குச் சுகமாக இருந்திருக்கும். உன்னுடைய சூலமும் நீயும் என்று கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் கோபித்து, விடியச் சரியாகிவிடும். அவர் சொன்னது வேறு.

"பரவாயில்லை. கீழ நிண்டு பாப்பம். அதுவும் பாத்ததுதானே."

முரீதியின் அண்ணன் கரியுகி நெடுத்த, அதிகம் பேசாத மனிதன். மலைச் சாமான் வாடகைக்கு விடுகிற இடத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். குளிர்ச்சட்டை கிடைத்தது, கையுறை கிடைத்தது. சப்பாத்துகளை மட்டும் காலையில் ஒரு பெரிய கூட்டம் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவை பத்தும் பதினொன்றும். பாலேந்திரா பத்துக்குள்ளே பழைய பேப்பரை அடைத்துப் போட்டு நடந்து பார்த்தார். வாசற்படியிலேயே இடறி விழுந்தார். பெற்றோல் ஸ்ரேசன் சப்பாத்தோடு போகலாமா என்று கேட்டார். கரியுகி அதைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினான். மேலே சதுப்பு, அதற்கும் மேலே சறுக்குக் கல். இதோடு கூட்டிப்போனால் உங்களை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும் என்றான்.

அன்றிரவு தவநாயகிக்கு நித்திரை வரவில்லை. சூட்கேசின் அடியில் எட்டாம் நம்பர் கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் அவர் மலை ஏறலாம். எடுத்துக் கொடுத்தால், மனிசியின் கால் தன்னுடைய காலைவிடப் பெரியது என்று தெரிந்துபோகும். பதினைந்து வருடமாகச் சொன்ன பொய்யும் தெரிந்துபோகும். பெரியம்மா செத்துப் பத்து வருடமாகிறது. ஆனாலும் அவளுடைய அந்தச் சொல் சாகவில்லை. மிதிப்பாள். நான் மிதித்துத்தானே விட்டேன் என்று நினைத்தாள். அவருடைய ஒரே ஆசையைச் சூலம் என்றும் பெட்டி என்றும் சொல்லி இந்தப் பெரிய காலால் மிதித்துவிட்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் அவர் கட்டிலில் இல்லை. முற்றத்தில் நின்றார். முகில் விலகி மலை முழுவதும் வெளித்திருந்தது. கீழே மரவள்ளியும் வாழையும், அதற்கப்பால் கருங்காடு, அதற்கும் மேலே கறுத்த கல் முனைகள். அவற்றின் இடுக்கெல்லாம் பனி. வெயில் பட்டு அது இளஞ்சிவப்பாகி, பிறகு வெள்ளையாகி, கண் கூசியது. பாலேந்திரா கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பெடியன் மாதிரி நின்று பார்த்தார். சற்று நேரத்தில் முகில் வந்து மூடியது.

"சரி. பாத்தாச்சு" என்றார். திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

உள்ளே போனாள். சூட்கேசைக் கவிழ்த்தாள். சுற்றியிருந்த பழைய சேலையை உருவி எறிந்துவிட்டுச் சப்பாத்து இரண்டையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இதைப் போட்டுப் பாருங்கோ."

கடைக்காரி பிழையாகத் தந்துவிட்டாள் என்று சொல்லலாம். நான் திறந்தே பார்க்கவில்லை என்று சொல்லலாம். மறுமொழிகள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. பாலேந்திரா ஒன்றும் கேட்கவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பியும் பார்க்கவில்லை. உள்ளே போய் இன்னொரு சோடி சொக்ஸ் எடுத்து மேலால் போட்டுக்கொண்டு, குனிந்து கயிற்றைக் கட்டி, முற்றத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"சரியா இருக்குது" என்றார். "கரியுகிக்குச் சொல்லுவம்."

தேசியப் பூங்காவின் வாசலைத் தாண்டி முதலாவது தங்குமடம்வரை ஜீப் போகும். தவநாயகியும் போனாள். வாசலில் எருமை கவனம் என்று பலகை போட்டிருந்தது. மூங்கில் காட்டுக்குள்ளே வழியெல்லாம் யானை லத்தி. காடு முடிந்த இடத்தில் ஆளுயரத்துக்கு, இலைமேல் இலை சுற்றிய கோவா முளைத்து நின்றது. அது கோவா இல்லை, மலைக்கென்றே வளர்கிற செடி என்று கரியுகி சொன்னான். சமைக்கலாமா என்று அவள் கேட்டாள். அந்த மனிதன் சிரித்ததை அப்போதுதான் கண்டார்கள்.

அதற்கு மேலே அவள் போகவில்லை. சாதாரணச் சப்பாத்தோடு மடத்தில் இருந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து வருவோம் என்று பாலேந்திரா புறப்பட்டார். அவளுடைய எட்டாம் நம்பர், ஈரப் புல்லில் அடி பதித்துப் பதித்து மேட்டில் ஏறிப்போனது. அந்த அடிகளைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, அது போகிற போக்கைப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மடத்தில் சமையற்காரர் ஒருவர் இருந்தார், ஜோசப் என்று பெயர். சோளமாவைக் கொதிநீரில் போட்டுக் கிளறி இறக்கினார். இது எங்கள் களி அல்லவா என்று தவநாயகி தன்னுடைய இடிச்ச சம்பல் ரின்னைத் திறந்தாள். ஜோசப் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணீர் வடிய, இன்னும் கொஞ்சம் கேட்டார். வெயிலில் கதிரையைப் போட்டு இருந்தால் முதுகு சுட்டது, நிழலுக்குள் போனால் பல் கிட்டியது. இப்படியும் ஒரு இடம் இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அவருக்காகத்தான் வந்தாள். இப்போது அவளுக்கே பிடித்துவிட்டது.

பின்னேரம் மடத்துக்குப் பின்னால் இருந்த பாறை இடுக்கிலிருந்து ஒரு பிராணி வந்தது. கொழுத்த பெருச்சாளி மாதிரி, வாலில்லாமல். பயமில்லாமல் அவளுடைய முறுக்குப் பையில் மூக்கை வைத்தது. அடித்து விரட்டப்போனவளை ஜோசப் மறித்து, இது எலியல்ல அம்மா, யானையின் சொந்தக்காரன், படித்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். தவநாயகி ஓங்கிய கையை அப்படியே இறக்கினாள். எலியின் உருவம், யானையின் உறவு. இது யாருடைய ஆள் என்று அவளுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. முறுக்கை உடைத்துப் பாறையில் வைத்துக் கும்பிட்டாள். அவர் சறுக்காமல் வழுக்காமல் பனியைத் தொட்டுவிட்டு வந்தால் விம்பிள்டனில் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தாள். பிராணி முறுக்கைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்காக நின்றது.

சொன்னபடி மூன்றாம் நாள் வெயில் சாயும் நேரம் அவர் வந்தார். முகம் கருகி, உதடு வெடித்து, ஒரு கிழமைத் தாடியோடு வந்த மாதிரி இருந்தார். நடை மட்டும் இளந்தாரி நடை. வந்தவர் தேத்தண்ணிப் பிளாஸ்க்கைத் திறந்து அவளுடைய கையில் கவிழ்த்தார். பாதி கரைந்த பனி ஒரு கட்டியாக விழுந்தது.

"லண்டனில விழுறதும் இதுதானே" என்றாள். கண் நிறைந்திருந்ததை மறைக்கத்தான் சொன்னாள்.

"இல்லை. இது நான் அடி வாங்கின பனி" என்றார் பாலேந்திரா. "உச்சியில நிக்கேக்க சூரியன் வந்தது. வாத்தியார் சொன்னது சரி எண்டு பெலத்துச் சொன்னனான். கரியுகி என்னைப் பாத்து, உமக்கு மலைக் கிறுதி பிடிச்சிட்டுது, தலை சுத்துது எண்டு தண்ணி தந்தவன்."

அவள் பனியை வாயில் போட்டாள். தேயிலை மணத்தது. சப்பாத்தைப் பற்றி அவர் இப்போதாவது ஏதும் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் அதைக் கழற்றி, சேற்றை ஒரு குச்சியால் சுரண்டி, கயிற்றை உள்ளே விட்டு, சோடியாக அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்க் களி சாப்பிட்டார்.

லண்டனுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவரக் குரோய்டனுக்குப் போனார்கள். இராஜேந்திரன் வாசலிலேயே நின்றார். பையை மாற்றிக் கொடுத்த குற்றத்தில் மனிதர் பாதியாகிப் போயிருந்தார். சிவமலரக்கா மெல்பேணிலிருந்து போன் எடுத்திருக்கிறாராம். பேரன் பிறந்தாயிற்று, சரக்குத்தூள் அங்கேயே கடையில் கிடைத்துவிட்டது, பைக்குள் இருந்த சப்பாத்தை மருமகன் போட்டுக்கொண்டு தோட்டம் கொத்துகிறான், திருப்பித் தரமாட்டானாம்.

"அது கிடக்கட்டும்" என்றாள் மச்சாள் அருள்மலர். இராஜேந்திரனின் மனைவி. நல்ல மனிசி, ஆனால் அவளுடைய காதில் விழுந்தது அன்றைக்கே வட லண்டன் எட்மண்டன்வரைக்கும் போய்ச் சேரும். "சப்பாத்து இல்லாம என்னெண்டு மலை ஏறினனீங்கள்?"

தவநாயகி தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள். எல்லோரும் பாலேந்திராவைப் பார்த்தார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர். அவர் ஒரு வடையைக் கடித்து, ஆறுதலாக மென்றார்.

"அங்க வாடகைக்குக் கிடைச்சது" என்றார். "நல்ல சப்பாத்து. அதில்லாட்டி ஏறியிருக்க ஏலாது."

"பாத்தியே, பெட்டி எடுத்து வச்ச பலன்தான்" என்றார் இராஜேந்திரன். முகத்தில் இரத்தம் திரும்பியது.

திரும்பி வருகிறபோது பஸ்ஸின் மேல்தட்டில் பிள்ளைகள் முன்னுக்கு ஓடிப்போய் இருந்துகொண்டார்கள். பாலேந்திராவும் தவநாயகியும் பின்னால். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு தரிப்புத் தாண்டும்வரை அவள் பொறுத்தாள்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"எந்தப் பொய்? பதினைஞ்சு வருசமா நீர் சொல்லுறதையோ, இண்டைக்கு நான் சொன்னதையோ?"

அவளுக்கு முகம் சுட்டது. "அப்ப சப்பாத்தின்ர அடியைப் பாத்தனீங்கள்."

"அதை ஏன் பாக்கவேணும்? அம்மி மிதிக்கேக்க உம்மட காலைத் தூக்கி வச்சது ஆர்? நான்தானே" என்றார் பாலேந்திரா. "ஒரு கையால தூக்கினன், ஏலேல்லை. பிறகு ரெண்டு கையாலும் பிடிச்சுத் தூக்கினனான். ஐயரும் பாத்துக்கொண்டுதான் இருந்தவர்."

தவநாயகி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தாய் சேலையை நிலத்தில் இழுபட உடுத்திவிட்டதும், தட்டில் சுவரைப் பார்க்க வைத்ததும், நகம் தேயச் சுரண்டியதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இவ்வளவு காலமும் யாருக்கு ஒளித்தேன்?

"தெரிஞ்சால் ஏன் அஞ்சு வாங்கினனீங்கள்?"

"நீர் அஞ்செண்டுதானே சொல்லுவீர். எட்டு வாங்கிக்கொண்டு வந்தா உமக்கு மனவருத்தம்." அவர் தொண்டையைச் செருமினார். "கடைப் பெட்டையிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். உயரமான தமிழ் மனிசி ஒண்டு அஞ்சை மாத்த வரும். எட்டை எடுத்து மேசைக்குக் கீழ வை, ஒண்டும் கேளாதை எண்டு."

பஸ் மிச்ச வழியில் முக்கி முனகி ஏறியது. முன்னுக்கு இருந்த பிள்ளைகள் ஏதோ சண்டை பிடித்தார்கள், யாரும் விலக்குப் பிடிக்கவில்லை. தவநாயகி அவருடைய தோளில் சாய்ந்தாள். பகல் வெளிச்சத்தில், பஸ்ஸில், நாலு பேருக்கு முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை விம்பிள்டனில் தேங்காய் உடைக்கப் போனபோது அவள் மலைச் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு போனாள். கழற்றி மேல் தட்டில் வைத்தாள், அடிப்பக்கம் வெளியே தெரிய. பக்கத்தில் பாலேந்திரா தன்னுடைய ஏழாம் நம்பரை வைத்தார்.